பூமிக்கடியில் ஒரு மண்டபம்

மண்டபம் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஒன்று கல்யாணம், இல்லாவிட்டால் கோயில். ஆயிரங்கால் மண்டபத்தைக் கட்டிய அரசன் யார், அதற்குப் பொருள் உதவிய தனவான் யார் என்பதெல்லாம் கல்லிலே வெட்டி வைக்கப்பட்டிருக்கும். அந்த மண்டபம் எழும்புவதற்கு முன்னால் அந்த மண்ணில் குடிசை போட்டுக்கொண்டு இருந்தவன் யார், அவனை எழுப்பி எங்கே அனுப்பினார்கள் என்ற சமாசாரம் மட்டும் எந்தக் கல்லிலும் இராது. கொடுத்தவன் பெயர் நிற்கும்; எழுந்து போனவன் பெயர் மறையும். பெரும்பாலான ஊர்களில் இதுதான் வழக்கம்.

அந்த வழக்கத்துக்குக் கொஞ்சம் விலகிப்போன ஒரு மண்டபத்தின் கதையை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அது நம் நாட்டு மண்டபம் அல்ல. அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்தில் இருக்கிறது. மாஸ்கோனி மகாநாட்டு மண்டபம் என்று பெயர். கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் பிள்ளையோ பெண்ணோ இருக்கும் வீடுகளில் இந்தப் பெயர் எப்போதாவது காதில் விழுந்திருக்கும். 2007ஆம் வருஷம் ஜனவரி 9ஆம் தேதி ஸ்டீவ் ஜாப்ஸ் என்பவர் ஐபோன் என்ற டெலிபோனை உலகத்துக்கு முதன் முதலில் எடுத்துக் காட்டியது இந்த மண்டபத்தைச் சேர்ந்த ஒரு கட்டடத்தில்தான்.

என் நண்பர் ஒருவரின் மகன் அங்கே ஒரு மகாநாட்டுக்குப் போய்வந்தான். அங்கே என்ன விசேஷம் என்று கேட்டேன். "மண்டபமே பூமிக்கடியில் இருக்கிறது, மாமா. மேலே புல்தரை. கீழே ஆயிரக்கணக்கில் ஜனங்கள்" என்றான். மாஸ்கோனி என்பது யார் பெயர் என்று கேட்டேன். "யாரோ பழைய மேயராம்" என்றான். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இவ்வளவு போதாதா? ஒரு மண்டபத்தை ஏன் பூமிக்குள் கொண்டுபோய் ஒளித்தார்கள்? அந்த மேயருக்கு என்ன நேர்ந்தது? படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, மேயரைக் காட்டிலும் சுவாரஸ்யமான சில கிழவர்கள் எதிர்ப்பட்டார்கள்.

*

ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கு அந்தப் பெயர் வந்தது 1847ஆம் வருஷத்தில். அதற்கு முன்னால் அது ஒரு சிற்றூர். அதன் பெயர் யெர்பா புவேனா. ஸ்பானிய மொழியில் 'நல்ல மூலிகை' என்று அர்த்தம். புதினாவைப் போல வாசனை வீசும் ஒரு கொடி அங்கே மணல் மேடுகளில் தானாகப் படர்ந்து கிடந்ததாம். பெயர் போனாலும் வாசனை போகவில்லை. பின்னால் வரப்போகும் பெரிய திட்டத்துக்கு இந்தப் பழைய பெயரையே சூட்டினார்கள்.

நகரத்தைக் குறுக்கே கோடு கிழித்தாற்போல் ஓடுகிறது மார்க்கெட் தெரு. அந்தக் காலத்தில் அதன் நடுவே, இரும்புக் கயிற்றால் இழுக்கப்படும் டிராம் வண்டிக்காக நீளமான ஒரு பிளவு இருந்தது. அந்தப் பிளவுக்கு வடக்கே பாங்குகள், நாடகசாலைகள், பெரிய கடைகள், குன்றின்மேல் மாளிகைகள். தெற்கே பட்டறைகள், கிடங்குகள், சலவைச்சாலைகள், தொழிலாளிகள் தங்கும் விடுதிகள். நம் ஊர்களில் ஆற்றுக்கு இந்தக் கரை அந்தக் கரை என்று சொல்வதில் எத்தனையோ அர்த்தங்கள் அடங்கியிருக்கின்றன அல்லவா? அதே போல 'பிளவுக்குத் தெற்கே' என்றாலே அங்கே அர்த்தம் புரிந்துவிடும். நாவலாசிரியர் ஜாக் லண்டன் 1876இல் அந்தத் தென்பகுதியில்தான் பிறந்தார். அந்தப் பெயரிலேயே ஒரு சிறுகதையும் எழுதியிருக்கிறார்.

1906ஆம் வருஷம் ஏப்ரல் 18ஆம் தேதி விடியற்காலையில் பூகம்பம் வந்தது. அதைத் தொடர்ந்து தீ. சதுப்பு நிலத்தைத் தூர்த்து எழுப்பிய தென்பகுதியின் மர விடுதிகள் சீட்டுக்கட்டுப் போலச் சரிந்தன. மிஞ்சியதைத் தீ விழுங்கியது. மறுபடி கட்டியபோது குடும்பங்கள் வேறு பேட்டைகளுக்குப் போய்விட்டன. தென்பகுதியில் ஒற்றை ஆட்களுக்கான ஹோட்டல்கள் எழுந்தன. ஹோட்டல் என்றால் நாம் நினைப்பது போல் இட்லி, காப்பி கிடைக்கும் இடம் அல்ல. ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு ஜன்னல், நடையின் கோடியில் பொதுவாக ஒரு குளியலறை. வாரவாடகை. அவ்வளவுதான்.

அந்த அறைகளில் வந்து தங்கியவர்கள் கப்பல் மாலுமிகள், துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர்கள், மரம் வெட்டிகள், அலாஸ்காவுக்குப் போய் மீன் ஆலைகளில் வேலை செய்துவிட்டுத் திரும்புகிறவர்கள். கல்யாணம் செய்து கொள்ளாதவர்களே அதிகம். வாலிபத்தில் பருவத்துக்குப் பருவம் வந்து போனார்கள். வயதான பிறகு போகவில்லை. பென்ஷன் பணத்தில் வாடகை கொடுத்துக்கொண்டு, காலையில் ஹோட்டல் கூடத்தில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டு, சாயங்காலம் எதிர்ச்சாரிச் சாப்பாட்டுக் கடைக்குப் போய்வந்துகொண்டு காலம் தள்ளினார்கள். குடும்பம் என்று சொல்ல அவர்களுக்கு அந்தக் கூடமும் அந்தக் கடையுமே மிச்சம்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவர்கள் குடிகாரக் கிழவர்களாகத் தெரிந்தார்கள். குடித்தவர்கள் இருந்தார்கள், இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆனால் 1934ஆம் வருஷத்தில் அந்த நகரத் துறைமுகத்தையே ஸ்தம்பிக்க வைத்த பெரிய வேலைநிறுத்தத்தில் நின்றவர்களும் அந்தக் கூடங்களில் இருந்தார்கள். அந்த வேலைநிறுத்தத்தில் போலீஸாரின் துப்பாக்கிக்கு இரண்டு தொழிலாளிகள் பலியானார்கள். ஊர் முழுவதும் கடையடைத்துத் துக்கம் கொண்டாடியது. அப்படிப்பட்ட காலத்தைப் பார்த்தவர்களுக்குச் சங்கம் வைப்பதும் கூட்டம் போடுவதும் நன்றாகத் தெரிந்த வித்தைகள். இதைப் பின்னால் பலர் மறந்துவிட்டார்கள்.

*

இனி மறுபக்கம். ஸான் பிரான்ஸிஸ்கோவுக்குக் கூட்டம் சேர்ப்பதில் எப்போதும் ஆசை உண்டு. 1915இல் பனாமாக் கால்வாய் திறந்ததைக் கொண்டாட உலகப் பொருட்காட்சி நடத்தினார்கள். அதையொட்டி ஒரு பெரிய நகர மண்டபம் கட்டினார்கள். 1920இல் ஜனநாயகக் கட்சியின் தேசிய மகாநாடு அதில் நடந்தது.

1945இல் அதைவிடப் பெரிய பெருமை கிடைத்தது. யுத்தம் முடிகிற தறுவாயில் ஐம்பது நாடுகளின் பிரதிநிதிகள் அங்கே கூடி, இரண்டு மாதம் விவாதித்து, ஜூன் 26ஆம் தேதி ஐக்கிய நாடுகளின் சாஸனத்தில் கையெழுத்திட்டார்கள். இந்தியக் கோஷ்டிக்குத் தலைமை வகித்தவர் நம் ஆற்காடு ராமசாமி முதலியார். தம் நாடு இன்னும் சுதந்திரம் பெறாத நிலையில் ஒரு தமிழர் உலக சாஸனத்தில் கையெழுத்திட்ட ஊர் அது. அந்தக் கூட்டங்களுக்கு இடம் கொடுத்தது ஸங்கீத நாடகத்துக்காகக் கட்டிய அரங்கமும், அதற்கு அடுத்தாற்போலிருந்த யுத்த வீரர்கள் ஞாபகார்த்தக் கட்டடமும். மகாநாட்டுக்கு என்றே ஒரு கட்டடம் அப்போது அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

யுத்தத்துக்குப் பிறகு காலம் மாறியது. ஆகாய விமானம் மலிவாயிற்று. டாக்டர்கள், பல் வைத்தியர்கள், கார் விற்பவர்கள், இன்ஷூரன்ஸ்காரர்கள் எல்லாரும் வருஷத்துக்கு ஒருமுறை ஏதாவது ஓர் ஊரில் கூடி, நாலு நாள் இருந்து, பணம் செலவழித்துவிட்டுப் போவது அமெரிக்க வழக்கமாயிற்று. நம் ஊர்த் திருவிழாவுக்குக் கடைகள் வந்து சேருவதைப் போல, இந்தத் திருவிழாக்களை நம்பி ஹோட்டல்கள் எழுந்தன. எந்த ஊரில் பெரிய மண்டபம் இருக்கிறதோ அந்த ஊருக்குக் கூட்டம். 1958இல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் நகர மண்டபத்துக்கு முன்னாலிருந்த திடலின் அடியில் ஒரு பொருட்காட்சிக் கூடம் கட்டினார்கள். அது சீக்கிரமே போதாமல் போயிற்று.

அதற்குள்ளேயே பெரிய ஹோட்டல் முதலாளியான பென் ஸ்விக் என்பவர் 1954இல் ஒரு யோசனை சொல்லியிருந்தார். மார்க்கெட் தெருவுக்குத் தெற்கே பல சதுக்கங்களை இடித்துவிட்டு மகாநாட்டு மண்டபம், விளையாட்டு அரங்கம், ஆபீஸ் கட்டடங்கள் எல்லாம் கட்டவேண்டும் என்பது அந்த யோசனை. இடம் நகரத்தின் நடுவே இருக்கிறது, விலையோ சல்லிசு. குன்றின்மேலிருந்த ஹோட்டலிலிருந்து பார்த்தால் அந்த இடம் காலியாகக்கூடத் தோன்றியிருக்கலாம்.

*

யோசனைக்கு வழி செய்து கொடுக்கச் சட்டம் தயாராக இருந்தது. 1949ஆம் வருஷத்து வீட்டு வசதிச் சட்டத்தின்படி, ஒரு பகுதியை 'நசித்துப்போன பகுதி' என்று நகரம் முடிவு செய்தால் போதும். அங்குள்ள வீடுகளைக் கட்டாயமாக வாங்கலாம், இடிக்கலாம், வெற்று நிலத்தைத் தனியாருக்கு மலிவாக விற்கலாம். அதனால் ஏற்படும் நஷ்டத்தில் மூன்றில் இரண்டு பங்கை மத்திய ஸர்க்கார் ஏற்றுக் கொள்ளும். ஏழைகளுக்கு நல்ல வீடு வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்த சட்டம் இது. நல்ல எண்ணத்தோடு பிறந்த பிள்ளைகள் எல்லாம் அப்படியே வளர்ந்துவிடுகின்றனவா?

இந்தக் காரியத்துக்காக அமைந்த நகர மறு அமைப்பு ஸ்தாபனத்துக்கு 1959இல் ஜஸ்டின் ஹெர்மன் தலைமை அதிகாரியாக வந்தார். கெட்டிக்காரர். வேலையில் அசுரர். வாஷிங்டனிலிருந்து பணம் வரவழைப்பதில் அவருக்கு இணை கிடையாது. நகரத்தை அழகாக்க வேண்டும் என்பதில் அவருக்கு உண்மையான பற்று இருந்தது. ஆனால் வீடுகளைக் கணக்கெடுத்த அளவுக்கு மனிதர்களை அவர் கணக்கெடுக்கவில்லை. மேற்குப் பேட்டை ஒன்றில் அவருடைய ஸ்தாபனம் இடித்த இடிப்பில் நீக்ரோக்கள் என்று அப்போது அழைக்கப்பட்ட கறுப்பு இனத்தாரின் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம் பெயர்ந்தன.

1966இல் யெர்பா புவேனா திட்டத்தை நகரசபை ஏற்றுக்கொண்டது. 87 ஏக்கர். அதற்குள் ஏறத்தாழ 4,000 பேர் குடியிருந்தார்கள். சுமார் 700 சிறு வியாபாரங்கள் நடந்து வந்தன. புகழ்பெற்ற ஜப்பானியச் சிற்பி கென்ஸோ டாங்கேயின் கோஷ்டி 1969இல் பிரம்மாண்டமான வரைபடம் ஒன்று போட்டுக் கொடுத்தது. மண்டபம், விளையாட்டு அரங்கம், கார் நிறுத்தும் மாளிகைகள், ஆகாயத்தில் நடைபாதைகள்! காகிதத்தில் பார்க்க மிகவும் அழகு. அந்தக் காகிதத்தில் கிழவர்களுக்கு மட்டும் இடமில்லை.

ஸ்தாபனம் ஹோட்டல்களை ஒவ்வொன்றாக வாங்கத் தொடங்கியது. வாங்கிய ஹோட்டல்களுக்குத் தானே சொந்தக்காரன். ஆகவே மராமத்து பார்க்கவேண்டியதும் அதன் பொறுப்பு. இடிக்கப்போகிற கட்டடத்துக்கு யார் மராமத்து பார்ப்பார்கள்? வெந்நீர் நின்றது, விளக்கு அணைந்தது, காலியான அறைகளில் திருட்டு நுழைந்தது. இடத்தை நசித்துப் போனது என்று சொல்லி வாங்கினார்கள். வாங்கிய பிறகு அது மெய்யாகவே நசித்துப் போயிற்று.

*

1969 கோடையில் குடியிருந்தவர்கள் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். மறு அமைப்பை எதிர்க்கும் குடித்தனக்காரர் - சொந்தக்காரர் சங்கம் என்று நீளமான பெயர். ஆங்கிலத்தில் முதலெழுத்துக்களைக் கூட்டி வாய்விட்டுப் படித்தால் நம் காதில் 'டூர்' என்று விழும். உல்லாசப் பிரயாணிகளுக்காக வெளியேற்றப்பட்டவர்களின் சங்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நாவலாசிரியனால் கற்பனை செய்ய முடியாது.

தலைவர் ஜார்ஜ் உல்ப். எண்பது வயதை எட்டியவர். அந்தக் காலத்தில் அலாஸ்கா மீன் ஆலைத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். அவருக்குத் துணை பீட்டர் மெண்டல்ஸன் என்ற பழைய கப்பல் தொழிலாளி. அவர்கள் கேட்டது என்ன? மண்டபமே கட்டக்கூடாது என்பதல்ல. எங்களை எழுப்பினால் எங்கள் வாடகைக்கு ஏற்ற நல்ல அறையைக் காட்டிவிட்டு எழுப்புங்கள். இந்தப் பேட்டையிலேயே காட்டுங்கள் என்பதுதான். அதிகாரிகள் சிரித்தார்கள். ஊரில் காலி அறைகள் இருப்பதாகப் புள்ளி விவரம் காட்டினார்கள்.

ஏழைகளுக்கு இலவசமாக வாதாடும் வக்கீல்கள் முன்வந்தார்கள். 1969 முடிவதற்குள் வழக்கு மத்திய ஸர்க்காரின் நீதிமன்றத்துக்குப் போயிற்று. இடம் பெயர்க்கப்படுகிறவர்களுக்குக் கண்ணியமான, பத்திரமான, சுகாதாரமான வீடு கிடைக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. அந்த வரி அதுவரையில் யாருக்கும் தொந்தரவு கொடுத்ததில்லை. கிழவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

நீதிபதி ஸ்டான்லி வைகல். அவர் புரட்சிக்காரர் அல்ல. ஆனால் சாட்சியங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். காலி அறைகள் இருக்கின்றன என்ற புள்ளி விவரத்தைத் துருவிப் பார்த்தபோது, வாடகையோ தாங்கமுடியாது, அல்லது அறையோ மனிதன் வசிக்கத் தகுதியில்லாதது, அல்லது ஒரே அறை பல திட்டத்தாருக்கும் வாக்களிக்கப்பட்டிருக்கிறது என்ற நிலைமை வெளிப்பட்டது. திருப்தியான ஏற்பாடு செய்யும் வரையில் யாரையும் எழுப்பக்கூடாது என்று 1970 ஏப்ரலில் அவர் தடை விதித்தார். கோடிக்கணக்கான டாலர் திட்டம், வாரவாடகைக்காரர்கள் சிலரால் நின்றது!

அந்த வருஷக் கடைசியில் முதல் சமரசம் ஏற்பட்டது. நகரத்தில் 1,500க்குக் குறையாமல் மலிவு வாடகை வீடுகள் ஏற்படுத்தித் தருவதாக ஸ்தாபனம் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதைச் செய்யவில்லை என்று மறுபடி வழக்கு. இதற்கிடையில் 1971இல் ஹெர்மன் காலமானார். வரி செலுத்துவோர் சிலர் வேறு காரணங்களைச் சொல்லித் தனி வழக்குத் தொடர்ந்தார்கள். 1973இல் கடைசிச் சமரசம் வந்தது. அதே பேட்டையில் நாலு மனைகளைக் குடியிருந்தவர்களுக்கே விட்டுவிட வேண்டும். அங்கே 400 வீடுகள்வரை கட்ட வேண்டும். வெளியூரிலிருந்து வந்து தங்குகிறவர்கள் கொடுக்கும் ஹோட்டல் வரியிலிருந்து அதற்குப் பணம் தரவேண்டும். வீடுகளைக் கட்டி நிர்வகிக்கும் பொறுப்பு சங்கத்தின் வழிவந்த ஸ்தாபனத்துக்கே.

இதில் என்னைக் கவர்ந்தது ஹோட்டல் வரி. எந்த விருந்தாளிக்காக இடத்தைக் காலி செய்யச் சொன்னார்களோ, அந்த விருந்தாளியின் பையிலிருந்தே வாடகைக்கு வழி செய்து கொண்டார்கள். பழைய தொழிற்சங்கத் தலைகள் அல்லவா!

*

இப்போதுதான் நம் கதாநாயகர் மேடைக்கு வருகிறார். ஜார்ஜ் மாஸ்கோனி அந்த ஊர்க்காரர். தகப்பனார் சிறைச்சாலையில் காவலராக இருந்தவர். மாஸ்கோனி வக்கீலுக்குப் படித்து, 1960களின் நடுவில் நகரசபையில் இருந்தபோதே இந்தத் திட்டத்தை எதிர்த்தவர். கிழவர்களும் ஏழைகளும் தெருவில் நிற்பார்கள் என்பது அவர் சொன்ன காரணம். 1975 டிசம்பரில் நடந்த மேயர் தேர்தலில் 5,000க்கும் குறைவான வோட்டு வித்தியாசத்தில் ஜயித்தார்.

எதிர்த்த மனிதர் பதவிக்கு வந்ததும் என்ன செய்வார்? திட்டத்தைக் கிழித்துப் போடலாம். அல்லது நாற்காலியில் உட்கார்ந்த சுகத்தில் பழைய பேச்சை மறக்கலாம். மாஸ்கோனி இரண்டையும் செய்யவில்லை. மண்டபம் வேண்டும் என்கிறவர்களையும் வேண்டாம் என்கிறவர்களையும் ஒரே கமிட்டியில் போட்டார். ஊரின் பல இடங்களில் பகிரங்கக் கூட்டங்கள் நடத்தி, யார் வந்து என்ன சொன்னாலும் கேட்கச் சொன்னார். அப்படிப் பேசிப் பேசித்தான் மண்டபம் பூமிக்குள் இறங்கியது. மதில் போல உயர்ந்த ஒரு ராக்ஷசக் கட்டடம் பேட்டையை மறைக்கக்கூடாது என்றார்கள் ஒரு சாரார். கூட்டம் நடத்த இடம் இல்லாமல் ஊருக்கு வருமானம் இல்லை என்றார்கள் மறு சாரார். சரி, மண்டபம் கீழே இருக்கட்டும், மண் மேலே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. 1976 நவம்பரில் ஊர் ஜனங்களின் வோட்டுக்கு விட்டார்கள். ஜனங்கள் ஆமோதித்தார்கள்.

1978இல் தோண்டத் தொடங்கினார்கள். அந்த வருஷம் நவம்பர் 27ஆம் தேதி காலையில், நகரசபையிலிருந்து ராஜிநாமாச் செய்துவிட்டு மறுபடி அந்த ஸ்தானத்தைக் கேட்டுக்கொண்டிருந்த டான் வைட் என்ற முன்னாள் அங்கத்தினன், நகரசபைக் கட்டடத்தின் கீழ்த்தள ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்தான். மேயரின் அறைக்குப் போய் மாஸ்கோனியைச் சுட்டுக் கொன்றான். பிறகு வேறு அறையில் ஹார்வி மில்க் என்ற அங்கத்தினரையும் சுட்டுக் கொன்றான். இடைக்கால மேயராக வந்த டயான் பைன்ஸ்டைன் அம்மையார்தான் அந்தச் செய்தியை வெளியே வந்து சொன்னவர்.

மண்டபத்துக்கும் அந்தக் கொலைக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் இறந்தவருக்கு ஞாபகார்த்தம் வேண்டும். அப்போது பள்ளமாகக் கிடந்தது அந்த மண்டபம். பெயர் சூட்டினார்கள். இந்த விதத்தில்தான், கட்டக்கூடாது என்று முதலில் சொன்னவரின் பெயர் கட்டடத்தின்மேல் ஏறியது.

*

கட்டுமானத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாகவேண்டும். பூமிக்கடியில் பொருட்காட்சி நடத்தவேண்டுமானால் நடுவில் தூண்கள் இருக்கக்கூடாது. மேலே மண்ணும் தோட்டமும் கட்டடங்களும் அழுத்தும். கீழேயோ நிலத்தடி நீர், தோணியைத் தூக்குவது போல் தரையைத் தூக்கப் பார்க்கும். பூகம்பம் வேறு அந்த ஊரின் பழைய விருந்தாளி.

இதற்கு வழி கண்டவர் டி. ஒய். லின் என்ற எஞ்சினீயர். சீனாவில் பிறந்து, அமெரிக்காவில் பேராசிரியராக இருந்தவர். கான்க்ரீட்டுக்குள் எஃகுக் கம்பிகளை முறுக்கேற்றி இழுத்துக் கட்டும் முறையில் மேதை. அவர் 275 அடி அகலத்துக்கு வில்போல வளைந்த பதினாறு கான்க்ரீட் வளைவுகளை ஜோடி ஜோடியாக நிறுத்தினார். வளைவின்மேல் பாரம் ஏறினால் அதன் இரண்டு கால்களும் வெளிப்பக்கமாக விலகப் பார்க்கும். விலகாமலிருக்கத் தரைக்குள்ளே கம்பிகளை இழுத்துக் கட்டினார். மேலே வில், கீழே நாண். பாரம் ஏற ஏற நாண் இறுகும். ராமாயணம் கேட்டு வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ள எஞ்சினீயர் பட்டம் தேவையில்லை.

1981 டிசம்பர் 2ஆம் தேதி மண்டபம் திறக்கப்பட்டது. அந்த வைபவத்திலும் ஒரு தகராறு வராமல் போகவில்லை. மாஸ்கோனியின் மார்பளவு சிலையைச் செய்யும் பணி ராபர்ட் ஆர்னஸன் என்ற சிற்பிக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. சிரித்த முகத்தோடு களிமண் சுட்டுச் செய்தார். முகத்தில் யாருக்கும் குறையில்லை. பீடத்தில்தான் வம்பு. மாஸ்கோனியின் வாழ்க்கைக் குறிப்புகளோடு, துப்பாக்கிக் குண்டுத் துளைகளையும், கொலைகாரனின் வழக்கில் அடிபட்ட ஒரு தின்பண்டத்தின் பெயரையும் பொறித்துவிட்டார். கண்டதைத் தின்று அவன் மனநிலை கெட்டிருந்ததற்கு அதுவும் ஓர் அடையாளம் என்று அந்த வழக்கில் பேசப்பட்டிருந்தது. 1979இல் ஜூரி அவனைக் கொலைக் குற்றத்திலிருந்து குறைத்துச் சின்னக் குற்றத்துக்கே தண்டித்தது. அன்று இரவு ஊர் கலவரத்தில் எரிந்தது. இரண்டு வருஷத்துப் புண்ணை யார் கிளறச் சொன்னார்கள் என்று மேலிடத்தில் கோபம். திறப்பு விழாவில் பீடத்தைத் துணியால் மூடி வைத்தார்கள். பிறகு சிலையே வேண்டாம் என்றார்கள். சிற்பி வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

சிற்பியின் பக்கம் நியாயம் இருந்ததா? எனக்கு இருந்ததாகவே படுகிறது. ஒரு மனிதனின் வாழ்க்கையைச் சொல்லும்போது கடைசி அத்தியாயத்தை மட்டும் கிழித்துவிட்டுக் கொடு என்று கேட்டால், எழுதுகிறவன் சம்மதிக்க முடியாது. ஆனால் அவர் மனைவி மக்கள் அந்த மண்டபத்துக்குள் நுழையும்போதெல்லாம் குண்டுத் துளைகளைப் பார்க்க வேண்டுமா என்று கேட்டவர்களையும் என்னால் கோபிக்க முடியவில்லை. காலம் இதற்கு ஒரு தீர்ப்பு வைத்திருந்தது. 2012இல் அந்தச் சிலையை, மண்டபத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் நவீன கலைப் பொருட்காட்சிசாலை வாங்கிக் கொண்டது. பீடத்தோடுதான்.

*

மண்டபம் செழித்தது. 1984இல் ஜனநாயகக் கட்சியின் தேசிய மகாநாடு அங்கே நடந்தது. வால்டர் மாண்டேல் ஜனாதிபதிப் பதவிக்கும், ஜெரால்டின் பெராரோ உபஜனாதிபதிப் பதவிக்கும் அபேட்சகர்களானார்கள். பெரிய கட்சி ஒன்றில் ஒரு பெண்மணிக்கு அந்த ஸ்தானம் கிடைத்தது அதுவே முதல் தடவை. 1989 அக்டோபர் 17ஆம் தேதி மாலை மறுபடி பூகம்பம் வந்தபோது லின்னின் வில்லும் நாணும் அசையவில்லை. இருக்க இடமில்லாமல் போனவர்களுக்கு அந்த மண்டபத்திலேயே கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். 1992இல் வடக்கு மண்டபமும், 2003இல் மேற்குக் கட்டடமும் சேர்ந்தன. வடக்கு மண்டபத்தின் தலைமேல் 1993இல் தோட்டம் மலர்ந்தது. யெர்பா புவேனாத் தோட்டம்! நல்ல மூலிகை தன் பெயருக்குத் திரும்பி வந்துவிட்டது.

ஜஸ்டின் ஹெர்மனுக்கும் ஊர் ஒரு ஞாபகார்த்தம் செய்திருந்தது. கடற்கரைப் பக்கம் ஒரு சதுக்கத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். இடம் பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்தப் பெயரைப் பார்க்கப் பார்க்க மனம் கசந்தார்கள். 2017இல் பெயர் எடுக்கப்பட்டது.

கிழவர்கள் ஜயித்தார்களா? கணக்குப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. 4,000 பேரில் பெரும்பாலோர் வழக்கு முடிவதற்கு முன்பே எங்கெங்கோ சிதறிவிட்டார்கள். பலர் இறந்துவிட்டார்கள். எழுபது வயதில் ஓர் அறையிலிருந்து இன்னொரு அறைக்கு மாறுவது சிலருக்கு ஓர் உலகத்திலிருந்து இன்னோர் உலகத்துக்கு மாறுவதுதான். 1973இல் எழுதிக் கொடுத்த 400 வீடுகளும் ஒரே நாளில் முளைத்துவிடவில்லை. தோற்றார்கள் என்றும் சொல்ல முடியாது. அவர்கள் நீதிமன்றத்தின் படி ஏறியிராவிட்டால் அந்த வீடுகளில் ஒன்றுகூட அங்கே இருந்திராது. மண்டபமும் பூமிக்கு மேலே கோட்டை போல் நின்றிருக்கும்.

முதல் கட்டடம் 1979இல் தயாராயிற்று. மண்டபம் திறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே! நாலாம் தெருவும் ஹோவர்ட் தெருவும் சந்திக்கும் மூலையில், மண்டபத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. வயதானவர்கள் குறைந்த வாடகைக்குக் குடியிருக்கும் வீடு. ஜார்ஜ் உல்ப் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. அவர் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். பின்னால் கட்டிய இன்னொரு வீட்டுக்கு மெண்டல்ஸன் பெயர்.

ஆக, அந்த மூலையில் இரண்டு ஜார்ஜுகள் எதிரும் புதிருமாக இருக்கிறார்கள். ஒருவர் மேயர், ஒருவர் மீன் ஆலைத் தொழிலாளி. மேயர் பெயரைக் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் தினந்தோறும் உச்சரிக்கிறார்கள். தொழிலாளியின் பெயர் தபால்காரருக்கும் அந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்கும் தெரியும். மகாநாட்டுக்குப் போகும் நம் பிள்ளைகள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படியேறி மேலே வந்தால், தெருவைக் கடந்து அந்த வாசலிலும் ஒரு நிமிஷம் நிற்கலாம்.